குரல் எழும்பாத வக்கீல்



போன மாதம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். சேகோ மில்லில் வேலை செய்கிற ஒரு தம்பி சாட்சி சொல்ல எழுந்தார். வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் கூட்டத்துக்கே வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கின நானும் முதல் பிரசங்கத்தில் கால் நடுங்கி நின்றவன்தான். அந்தத் தம்பிக்காகவே காந்திஜியைப் பற்றி எழுதுகிறேன்.

1869-ல் போர்பந்தரில் பிறந்த அவர் சிறுவயதிலேயே கூச்ச சுபாவமுள்ளவர். லண்டனில் சட்டம் படித்தபோது சைவ உணவுச் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார். ஒருமுறை தன் கருத்தை எழுதிக்கொண்டு போயும் வாசிக்கத் துணிவில்லை, வேறொருவர் வாசித்தார். 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். பம்பாய் கோர்ட்டில் முதல் கேஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்ததும் தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வரவில்லை. 30 ரூபாய் பீஸைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் நடுவில், வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று பேசினார். விஷயத்தை நன்றாகத் தயார் பண்ணிப் போனதால் பேச்சு வந்தது. பிறகு நேட்டாலில், பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாள் அவர்முன் வந்து நின்றார். எஜமான் அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தமிழ்க் குமாஸ்தா மூலம் விவரம் கேட்டு, டாக்டரிடம் அனுப்பி, அவரை வேறு எஜமானிடம் மாற்றிவிட்டார் காந்திஜி.

இதோடு பயம் போய்விட்டதா? இல்லை! 1896 செப்டம்பரில் பம்பாய்க் கூட்டத்தில் மறுபடியும் குரல் எழும்பவில்லை. மோசேக்கு ஆரோன் நின்றதுபோல, தின்ஷா வாச்சா அந்த உரையை வாசித்தார். ஆனால் அடுத்த மாதமே, அக்டோபர் 26-ல், சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்திஜி நின்றார். நீண்ட உரைதான். ஆனாலும் ஜனங்கள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். பாலசுந்தரத்தின் கதை அவர்கள் மனசை உலுக்கியது.

கூச்சம் முழுசாகப் போகவே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். வார்த்தையை அளந்து பேச அந்தக் கூச்சமே தனக்குக் கற்றுக்கொடுத்தது என்றும் எழுதினார்.

பிரியமானவர்களே, பயம் போன பிறகு பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சொல்லாமல் போனால் பாலசுந்தரத்தைப் போன்றவர்களுக்கு நஷ்டம். தைரியம் என்பது நடுங்காத கால் அல்ல. நடுங்கிக்கொண்டே மறுபடியும் எழுந்து நிற்கிற கால். நம் சபையிலும் உங்கள் சாட்சிக்காகக் காத்திருக்கிற ஒரு உடைந்த மனுஷன் இருப்பான்.

தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்க. மூணே மூணு வரி எழுதிட்டு வாங்க. குரல் வந்தா நீங்களே வாசிங்க. வராட்டி பக்கத்துல நின்னு நான் வாசிக்கிறேன்.