அணையா அடுப்பை ஏற்றிய அருளாளர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

முன்னுரை

பெரியோரின் வாழ்க்கையை நூல்களில் படித்து அறிவோர் உண்டு. பெற்றோர் சொல்லக் கேட்டு அறிவோரும் உண்டு. நான் வள்ளலாரை அறிந்ததோ ஒரு கடையடைப்பு அறிவிப்பின் வாயிலாக!

சிங்கப்பெருமாள் கோயிலில் என் தந்தையார் கோழிக் கறிக்கடை வைத்திருக்கிறார். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் ஆகியவற்றில் இறைச்சிக் கடைகளைத் திறக்கக் கூடாது என்பது அரசு ஆணை. ஆகவே தைப்பூசத்தன்று அப்பா நாள் முழுவதும் வீட்டில் இருப்பார். சிறுவனாக இருந்தபோது வள்ளலார் என்றால் எனக்கு அவ்வளவுதான்: அப்பா வீட்டில் இருக்கும் நாள்.

எங்கள் ஊருக்குப் பெயர் தந்த நரசிம்மர், குன்றைக் குடைந்த கோயிலில் நெற்றிக்கண்ணுடன் வீற்றிருக்கிறார். சினத்தின் வடிவம் என்பார்கள். ஆயினும் அந்தச் சினமும் ஒரு சிறுவனைக் காப்பதற்காக எழுந்த சினமே அன்றோ? அந்தக் குன்றின் அடியில் வளர்ந்த நான், எவ்வுயிரிடத்தும் சினம் கொள்ளாது வாழ முயன்ற ஒரு மகானைப் பற்றி எழுத முற்படுகிறேன். எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதைக் கட்டுரையின் முடிவில் தாங்களே தீர்மானிக்கலாம்.

பிறப்பும் பசியும்

இராமலிங்கர் 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மையார். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தந்தை மறைந்தார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிக்கு அருகிலுள்ள தம் பிறந்த ஊருக்குச் சென்றார். பின்னர் அக்குடும்பம் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறியது. மூத்தவரான சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார்.

தம்பியோ பள்ளிப் பாடத்தில் நாட்டம் கொள்ளவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே அவருக்குப் பள்ளியாயிற்று. அண்ணனுக்குச் சினம் வந்தது. வீட்டில் அவனுக்குச் சோறு போடக் கூடாது என்று மனைவிக்குக் கட்டளையிட்டார். அண்ணியாரின் மனம் கேட்குமா? கணவர் இல்லாத வேளையில் பிள்ளையைக் கொல்லைப்புறமாக அழைத்து அன்னமிட்டார். ஒரு நாள் அவர் கண்ணீர் விட்டதைக் கண்டு உருகிய இராமலிங்கர், இனி வீட்டிலிருந்து படிப்பதாக வாக்களித்தார். மாடியறையில் கண்ணாடியும் விளக்கும் வைத்து வழிபட்டு, அங்கேயே பாடவும் தொடங்கினார் என்பது அவர் வரலாறு கூறும் செய்தி.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் தெய்வ அருளுக்குச் சான்றாக எடுத்துரைப்பர். நான் இதில் வேறொன்றைக் காண்கிறேன். பின்னாளில் ஊருக்கெல்லாம் சோறிட்டவர், சிறு வயதில் சோறு மறுக்கப்பட்ட பிள்ளை. அவருக்கு முதலில் கருணையைக் கற்பித்தவர், படித்த பண்டிதர் அல்லர். கொல்லைப்புறத்தில் நின்று கண்ணீரோடு அன்னமிட்ட ஓர் இல்லத்தரசி.

சென்னை வாழ்க்கை

ஒரு முறை அண்ணன் நோயுற்றபோது, முத்தியாலுப்பேட்டையில் சொற்பொழிவு நிகழ்த்தத் தம்பி அனுப்பப்பட்டார். சம்பந்தர் வரலாற்றை அவர் விரித்துரைத்த திறம் கண்டு அவையோர் வியந்தனர். இளைஞர் இராமலிங்கரின் புகழ் நகரெங்கும் பரவிற்று.

ஆயினும் புகழ் அவரை மாற்றவில்லை. உடலை முழுவதும் போர்த்திய வெள்ளாடை, கட்டிய கைகள், எளிய நடை ஆகியவை அவர் அடையாளங்கள். நம் மண்ணின் பெருமையைப் பாடும் தொண்டமண்டல சதகத்தை அச்சிற் கொணர்ந்தவரும் அவரே. 1854 ஆம் ஆண்டில் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். தேர்க்காலில் சிக்கி மாண்ட கன்றுக்காகத் தன் மகனையே இழக்கத் துணிந்த சோழன் கதை அது. அதில் அம்மன்னன், இத்துயர் நேர முற்பிறப்பில் என்ன பிழை செய்தேனோ என்று நீண்ட பட்டியலிட்டுப் புலம்புவான். அப்பட்டியலைப் படிப்போர் ஒன்றை உணர்வர்: கொலை மட்டும் அங்குக் குற்றமாகச் சொல்லப்படவில்லை. நல்லோர் மனத்தை நடுங்கச் செய்வதும், பசித்தவர் முகத்தைப் பாராதிருப்பதும் அந்த வரிசையில் நிற்கின்றன.

அணையா அடுப்பு

1858 ஆம் ஆண்டில் அவர் சென்னையை விட்டு நீங்கினார். சிதம்பரத்தை வழிபட்டுக் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். நம் பகுதி மாணவர் இவ்வூரை மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி என்று மயங்குவது உண்டு, நானும் மயங்கினேன். இது வடலூருக்கு அருகிலுள்ள வேறொரு கருங்குழி. அங்கே தண்ணீரில் விளக்கெரிந்தது என்று பக்தர்கள் கூறுவர். அறிவியல் பயிலும் நான் அதைப் பற்றி வழக்காட வரவில்லை. என்னைக் கவர்ந்தது அவர் ஏற்றிய இன்னொரு நெருப்பு.

1865 இல் சமரச சன்மார்க்கத்திற்கென ஒரு சங்கம் கண்டார். சாதி, சமய வேறுபாடின்றி உயிர்களை ஒன்றெனக் காண்பதே அதன் நோக்கம். பார்வதிபுரம் என வழங்கிய வடலூர் மக்கள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அங்கே 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. 21 அடி நீளமுள்ள அடுப்பு கட்டப்பட்டு, அதில் வள்ளலார் தம் கையால் நெருப்பேற்றினார். அந்த அடுப்பு அன்றிலிருந்து இன்றுவரை அணையவில்லை. வருவோர் யாராயினும் அவர்க்கு உணவு உண்டு.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1866 இல், ஒரிசாவில் பெரும் பஞ்சம் மூண்டு கிழக்குக் கடற்கரையை வாட்டியது. அவர் மறைந்த பின்னர் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரை மடியச் செய்தது. நம் செங்கற்பட்டுப் பகுதியும் அதில் வாடியது. பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதி, பஞ்சத்தில் வாடிய மக்களுக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு வெட்டப்பட்டதே. இத்தகைய காலத்தில் ஒருவர் தத்துவம் பேசுவதோடு நில்லாமல் அடுப்பு மூட்டினார் என்றால், அவருடைய அறிவின் கூர்மையை என்னென்பது!

சீவகாருணியம்

உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக அவர் வகுத்தார். அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவதே தலையாய கடமை என்றார். இவ்விரண்டையும் அவர் அருகருகே வைத்ததை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொல்லாமலிருப்பது மட்டும் அகிம்சை ஆகாது. பக்கத்தில் ஒருவன் பசித்திருக்க நாம் பாராமுகமாக இருந்தால், அதுவும் கொலையின் பக்கத்து வீடுதான்.

தாவரங்களுக்கும் உயிர் உண்டே, அவற்றை உண்ணலாமா என்னும் வினாவையும் அவர் எழுப்பி விடை கூறியிருக்கிறார். வித்து, காய், கனி, இலை முதலியவற்றைக் கொள்வது நகமும் உரோமமும் களைவது போன்றது. அதனால் உயிருக்கு இம்சை நேராது என்பது அவர் கருத்தின் சாரம். தாவரவியல் வகுப்பில் கிழங்கையும் வேரையும் வெட்டி நுண்ணோக்கியில் வைக்கும் நான் இதில் எத்தனையோ ஐயங்களை எழுப்பலாம். ஆனால் ஒரு தழையைப் பறிக்குமுன் அதற்கு வலிக்குமோ என்று நின்று சிந்தித்த மனம், விடையைவிடப் பெரியதாக எனக்குத் தோன்றுகிறது.

சபையும் சித்திவளாகமும்

1872 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள், தைப்பூசத்தன்று, சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. எண்கோண வடிவான அச்சபையில் ஏழு திரைகளை நீக்கிச் சோதி காட்டப்பெறுகிறது. கொலையும் புலாலும் தவிர்த்தவரே சபைக்குள் புகுதல் வேண்டும் என்பது விதி. மக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார். சிறியோரும் பெரியோரும் பயிலப் பாடசாலை காண விழைந்தார். 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தம் அறைக்குள் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். அன்பர்கள் அதை அவர் சோதியில் கலந்த நாள் எனப் போற்றுகின்றனர்.

நான் கண்ட வடலூர்

இனி என் கதை. வள்ளலார் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழக அரசு கொண்டாடுகிறது. முதலாம் ஆண்டில் அதையொட்டி நடந்த பேச்சுப் போட்டியில் நானும் பேசினேன். உயிர்க்கொலை புரிவோர் நெஞ்சில் ஈரம் இல்லை என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது, இரண்டாம் பரிசும் கிடைத்தது. என் தந்தையின் தொழில் என்ன என்பது அந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. யாரேனும் கேட்டால் வியாபாரம் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

பரிசுச் சான்றிதழை வீட்டில் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அப்பா. எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தார். அடுத்த வாரம் கடைக்குச் சென்றபோது அதைச் சட்டமிட்டு, கறி வெட்டும் கட்டைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார். என்ன பேசினாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரியில் சேர்க்கை நடந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று அப்பா கடையை மூடிவிட்டு, இரு முறை குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து என்னுடன் வந்தார். அவர்மீது கறி வாடை வீசுமோ என்று அஞ்சிய நான், வாயிலுக்கு வெளியே மரத்தடியில் இருக்கச் சொன்னேன். உள்ளே வேலை முடிந்ததும் புதிய நண்பர்களோடு எலுமிச்சைச் சோறு பகிர்ந்து உண்டேன். இரண்டரை மணிக்கு வெளியே வந்தேன். நான் இதோ வந்துவிடுவேன், சேர்ந்து சாப்பிடலாம் என்று அவர் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் நின்றிருந்தார். ஈரமற்ற நெஞ்சம் எவருடையது?

அதற்கு அடுத்த தைப்பூசத்தில் கடை வழக்கம்போல் அடைத்திருந்தது. அப்பாவை வடலூருக்கு அழைத்தேன். செங்கற்பட்டில் பேருந்து ஏறி விழுப்புரம், பண்ருட்டி வழியாகச் சென்றோம். எங்கும் மக்கள் வெள்ளம். ஞானசபையின் அருகே எழுதியிருந்த விதியை அப்பா கேட்க, நான் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்ற இடத்திலேயே கைகூப்பினார், ஓரடியும் முன்வைக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகத் தொலைவில் நின்றே இருவரும் சோதி கண்டோம்.

பின்னர் தருமச்சாலைக்குச் சென்றோம். வரிசையில் அமர்ந்தோம். இலை போட்டார்கள். உன் ஊர் எது, சாதி எது, தொழில் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவின் இலையில் சோறு விழுந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காதவன்போல் சாம்பாரைக் கேட்டு வாங்கினேன்.

அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. சபைக்கு விதி உண்டு. சாலைக்கு விதி இல்லை. வள்ளலார் முதலில் தொடங்கியது சாலை. ஐந்தாண்டு கழித்தே சபை. ஒழுக்கத்தை அவர் தளர்த்தவில்லை. ஆனால் ஒழுக்கத்தைக் கேட்குமுன் பசியை ஆற்றினார். நானோ சோறு போடாமலே சபையில் ஏறி நின்று தீர்ப்புக் கூறினேன்.

முடிவுரை

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! அந்தத் தைப்பூசம் முதல் நான் புலால் உண்பதில்லை. ஆயினும் என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் என்னை அந்தக் கட்டைதான் இங்கு அனுப்பிற்று. இந்த முரண்பாட்டைத் தீர்த்துவிட்டேன் என்று நான் கூறமாட்டேன். அதை மறைக்காமல் சொல்ல மட்டும் கற்றுக்கொண்டேன். அப்பாவின் தொழிலை நண்பர்களிடம் சொன்னேன். என்னைப் பற்றி எவரும் குறைவாக எண்ணவில்லை.

அகிம்சை என்பது நாடுகளுக்கிடையே மட்டும் நிகழும் பெரிய காரியம் அன்று. ஆங்கிலம் தடுமாறும் கிராமத்து மாணவனைப் பார்த்துச் சிரிக்காமலிருப்பது அகிம்சை. மின்தொடர் வண்டியில் கூடையோடு ஏறும் கிழவிக்கு இடம் விடுவது அகிம்சை. நிலையத்து நாயைக் கல்லால் அடிக்காமலிருப்பது அகிம்சை. நமக்காக வாயிலில் நிற்பவர் உண்டாரா என்று கேட்பதும் அகிம்சையே.

வடலூர் அடுப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அணையாதிருக்கிறது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விறகு இடுவதால்தான் அது எரிகிறது. நம் உள்ளத்து அருளும் அத்தகையதே. நாள்தோறும் ஒரு விறகேனும் இடுவோம்!