தமிழில் மருத்துவம் தந்த தகைமையாளர் கிறீன்

அறிவு என்பது பகிரப் பகிரப் பெருகும் செல்வம். எனினும் உலக வரலாற்றில் அச்செல்வம் எல்லார்க்கும் ஒப்பக் கிடைத்ததில்லை. கொரோனா நோய்க்கான தடுப்பூசி 2021ஆம் ஆண்டில் செல்வ நாடுகளுக்கு முந்தியும் ஏழை நாடுகளுக்குப் பிந்தியும் சென்றதை நாமே கண்டோம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, தாம் கற்ற அறிவியலைத் தமிழர்களுக்கு அவர்தம் மொழியிலேயே வழங்கிட முனைந்த ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை இவ்விழா மலரில் நாம் நினைவுகூர்வோம்.

அவர்தாம் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயது இளைஞராக, அமெரிக்கக் கிறித்தவச் சங்கத்தின் மருத்துவராய் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையில் தொடங்கிய அவரது பணி, விரைவிலேயே மானிப்பாயில் நிலைகொண்டது.

வாந்திபேதி ஊர் ஊராகப் பரவி உயிர்களைக் கொள்ளைகொண்ட காலம் அது. தாம் ஒருவரே எத்தனை பேரைக் காக்க இயலும் என்பதை உணர்ந்த கிறீன், 1848இல் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். நோய்க்கு மருந்து கொடுப்பது ஈகை. மருத்துவத்தையே கற்றுக்கொடுப்பது அதனினும் பெரிய ஈகையன்றோ!

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆனால் ஆங்கிலம் கற்ற மாணவர்கள் பலரும் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். நோயாளிகள் இருந்த சிற்றூர்களோ மருத்துவரின்றியே கிடந்தன. சிந்தித்தார் கிறீன். தமிழில் பயின்றவன் தமிழ்மக்களிடையே தங்குவான் எனத் தெளிந்தார். தாமே தமிழ் கற்றார். 1862இல் இரண்டாம் முறையாக யாழ்ப்பாணம் வந்தபின், தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் தம் உடையையும் பழக்கவழக்கங்களையும் துறந்து மேனாட்டாரைப்போல் ஆவதை அவர் விரும்பவில்லை.

பாடம் தமிழில் என்றால் நூல்களும் தமிழில் வேண்டுமே! மாணவர்களையும் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857இலும், அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும் வெளிவந்தன. இலண்டனில் 1858ஆம் ஆண்டு வெளியான புகழ்மிக்க கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழாயிற்று. வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது. ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை அவர் தேடித் தொகுத்தார். வழக்கில் உள்ள சொல்லை முதலில் நாடினார்.

அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884ஆம் ஆண்டு வூஸ்டரில் மறைந்தார். தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் பொருள்பட அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை விளங்குகிறது.

சமயம் பரப்புதலும் அவரது நோக்கங்களுள் ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் தந்த கல்வி எல்லார்க்கும் பயன்பட்டது. வருந்தத்தக்க செய்தி வேறொன்றுண்டு. அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அயலார் ஒருவர் ஏற்றிவைத்த விளக்குக்கு நாம் எண்ணெய் வார்க்கத் தவறினோம்.

நாம் வாழும் இம்மண்ணிலும் இத்தகைய வரலாறு உண்டு. ஷேக் ஸாயித் அவர்களின் அழைப்பை ஏற்று, அமெரிக்க மருத்துவத் தம்பதியரான கென்னடி இணையர் 1960ஆம் ஆண்டு அல் ஐனில் மருத்துவமனை தொடங்கினர். அன்று பிறரிடம் மருத்துவம் பெற்ற நாடு, இன்று பல நாட்டவர்க்கும் மருத்துவம் வழங்குகிறது. பெற்றதைப் பேணி வளர்த்ததே இதற்குக் காரணம்.

மாணவச் செல்வங்களே! இங்குள்ள மருத்துவமனைகளில் மருந்துச் சீட்டு ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். அதைக் கையில் ஏந்தி, எந்த மாத்திரையை எப்போது உண்பது என்று விளங்காமல் நிற்கும் தமிழ்த் தொழிலாளியை நாம் பார்த்திருக்கிறோம். அறிவியலை ஆங்கிலத்தில் கற்கும் நீங்கள், அவருக்கு அதைத் தமிழில் எடுத்துரைக்க வல்லவர்களா? வார இறுதியின் ஓய்வைத் துறந்து நீங்கள் தமிழ் பயில்வதன் பயன் அங்கேதான் விளங்கும். பெற்றோரே, அறிவியலையும் தமிழையும் பிள்ளைகளுக்கு ஒருசேர ஊட்டுவோம். கிறீன் என்னும் பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.