றொபேட் மக்கரிசன் – கண்டக்கழலையும் உணவும்

மாணவர்களே, உங்கள் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் தைரொயிட்டுச் சுரப்பி அமைந்திருப்பதை விஞ்ஞானப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அது தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குவதற்கு அயடீன் அவசியம். உணவில் அயடீன் குறையும்போது சுரப்பி பருத்துக் கழுத்து வீங்குகின்றது. இதுவே கண்டக்கழலை. கண்டி, கம்பளைப் பக்கத்து முதியவர்கள் சிலரிடம் இத்தகைய வீக்கத்தை நீங்களும் கண்டிருக்கலாம்.

இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்த மருத்துவர் றொபேட் மக்கரிசன். அவர் கண்டியில் வாழ்ந்தவரல்லர். ஆயினும் அவரது ஆய்வுகூடம் இருந்த குன்னூர், நமது மலைநாட்டைப் போலவே தேயிலையும் குளிரும் நிறைந்த நீலகிரியில் உள்ளது.

மக்கரிசன் 1878 மார்ச் 15 இல் வட அயர்லாந்தின் போட்டடவுன் நகரிற் பிறந்தார். 1900 இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 23. சில ஆண்டுகளில் இமயமலைப் பகுதியிலுள்ள கில்கிட்டுக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார்.

அங்கே அவர் கண்டது யாது? ஒரே நீரோடையை அடுத்தடுத்துச் சிறு கிராமங்கள் பயன்படுத்தின. மேலேயுள்ள கிராமத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கழலை. கீழே வரவர அது பெருகி, கடைசிக் கிராமத்திற் பாதிப்பேரை எட்டியது. மேலுள்ளோரின் அழுக்கெல்லாம் கீழுள்ளோரின் குடிநீரிற் கலந்தது. எனவே அழுக்கு நீரே காரணமென அவர் ஐயுற்றார். ஐயத்தோடு நிற்கவில்லை. அந்நீரின் அடையலைத் தாமும் பருகினார், தொண்டர்கள் சிலரும் பருகினர். அவர் கழுத்தும் வீங்கியது. கொதிக்கவைத்த அடையலைப் பருகியவர்களுக்கு வீங்கவில்லை. தன்னுடலையே ஆய்வுப்பொருளாக்கிய அத்துணிவை எவரும் மறுக்கமுடியாது.

அதே பள்ளத்தாக்குகளில் இன்னொரு கொடுமையையும் அவர் பதிவுசெய்தார். கழலையுள்ள தாய்மாருக்குச் செவிட்டூமையராகவும் அறிவு வளர்ச்சி குன்றியவராகவும் பிள்ளைகள் பிறந்தனர். கழுத்து வீக்கம் பார்வைக்குத்தான் பெரிது. கருவிலுள்ள சிசுவின் மூளைக்கு ஏற்படும் பாதிப்போ திருத்தமுடியாதது.

1918 இல் குன்னூருக்கு வந்த மக்கரிசன், பாஸ்டர் நிறுவனத்தில் உணவு பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இடையில் நோயும் பணத்தட்டுப்பாடும் தடைசெய்தன. ஆயினும் அவ்வேலையே போசணை ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவர் 1935 இல் ஓய்வுபெறும்வரை அதன் பணிப்பாளராக இருந்தார். 1928 இல் அமெரிக்காவில், கோவாவை அதிகமாகத் தின்ற ஆய்வுகூட முயல்களுக்குக் கழலை தோன்றியதாக அறிவிக்கப்பட்டது. மக்கரிசனும் கோவாவைச் சோதித்தார். 1933 இல் சோயா அவரை, நிலக்கடலை ஆகியனவும் விலங்குகளிற் சுரப்பியைப் பருக்கச் செய்வதாக எழுதினார். இத்தகைய உணவுகளிலுள்ள சில பதார்த்தங்கள் சுரப்பி அயடீனைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. மரவள்ளியிலும் இத்தன்மை உண்டு. இதைப் படித்துவிட்டுக் கோவாச் சுண்டலை ஒதுக்கவேண்டாம்! அயடீன் போதியளவு கிடைப்பவருக்கு, சமைத்த கோவாவால் இத்தீங்கு நேர்வதில்லை.

அழுக்கு நீருக்கு அவர் கொடுத்த முதன்மையைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. முதற்காரணம் அயடீன் குறைபாடே. 1956 இல் தொடங்கி இந்தியாவின் காங்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமி குழுவினர் அயடீன் சேர்த்த உப்பைக் கொடுத்து இதனை ஐயமற நிறுவினர். மக்கரிசன் 1960 மே 18 இல் ஒக்ஸ்போட்டில் காலமானார். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1958 இல், அவரது ஆய்வுகூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டிருந்தது.

இனி உங்கள் ஊருக்கு வாருங்கள். ஈரவலயத்திற் பெய்யும் கனமழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்கின்றது. எஞ்சியதிலும் ஒரு பகுதி களியிலும் உக்கலிலும் பிணைந்து, பயிருக்குக் கிட்டாமற் போகின்றது. எனவே தோட்டத்து மரக்கறி எவ்வளவு பசுமையாயினும் அதை மட்டும் நம்பமுடியாது. கடல்மீன், நெத்தலி, கருவாடு, பால், முட்டை ஆகியன உதவும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதும். கர்ப்பிணித் தாய்க்கு 250 வேண்டும். அளவு மீறினாலும் சுரப்பிக்குக் கேடுதான்.

இலங்கையில் 1995 முதல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. இதற்குப் பயன்படும் சேர்வை பொற்றாசியம் அயடேற்று. வெப்பத்தாலும் ஈரத்தாலும் அயடீன் இழக்கப்படும். ஆகையால் அடுப்பருகே திறந்து வைத்த சிரட்டையை விட, மூடியுள்ள போத்தலே உப்புக்கு ஏற்றது. கறி வெந்து இறக்கும் வேளையில் உப்பிடுவதும் இதே காரணத்தாற்றான்.