ஒன்பது முறை தோற்றவர்

சங்க வேலையாகப் பினாங்கு போனால், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் பசியாறிவிட்டுத்தான் மறுவேலை. போன தடவை பையில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. சீனப் புரட்சியைக் கதைபோலச் சொல்லும் வரலாறு. பஸ்ஸிலே படித்துக்கொண்டே வந்தவன், பினாங்கு என்ற பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து நாலு எட்டு நடந்தால், அந்தப் புத்தகத்தில் வரும் வீடு! ஆர்மீனியன் தெரு, 120ஆம் எண். இன்று அது ஒரு நினைவகம். டாக்டர் சன் யாட் சென் புரட்சிக்குத் திட்டம் போட்ட இடம் அது.

யார் இந்தச் சன் யாட் சென்? 1866ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, தென்சீனாவில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். 13 வயதில் ஹவாய் தீவிலிருந்த அண்ணனிடம் போய்ப் படித்தார். 1892இல் ஹாங்காங்கில் டாக்டர் பட்டம் பெற்றார். வைத்தியம் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் மன்னராட்சியில் மக்கள் படும் பாடு அவரை உட்காரவிடவில்லை. 1895இல் காண்டன் நகரில் முதல் எழுச்சி. தோல்வி. தலைக்கு விலை வைத்தார்கள், நாடுவிட்டு ஓடினார். 1896இல் லண்டனில் சீனத் தூதரகமே அவரைப் பிடித்து அடைத்தது. தப்பியதே பெரும்பாடு.

அதற்குப் பிறகும் தோல்விக்குமேல் தோல்விதான். 1910இல் பினாங்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது எழுச்சிகள் தோற்றிருந்தன. கூட இருந்தவர்களே சோர்ந்துபோனார்கள். இன்னும் எத்தனை தடவை பணம் கேட்பது என்று அவருக்கே கூச்சம் இருந்திருக்கும். ஆனாலும் கேட்டார். அந்த நவம்பரில் கூடிய கூட்டத்தில் 8,000 வெள்ளி சேர்ந்தது. மலாயாவில் கடை வைத்திருந்தவர், ஈயம் தோண்டியவர், கூலிவேலை செய்தவர் எல்லாரும் இயக்கத்துக்குக் கொடுத்தவர்கள்தான். டிசம்பரில் வெள்ளைக்கார அரசு அவரை வெளியேறச் சொல்லிவிட்டது.

1911 ஏப்ரல் 27இல் காண்டனில் மறுபடியும் எழுச்சி. அதுவும் தோற்றது. 72 தியாகிகளை ஒரே இடத்தில் புதைத்தார்கள். ஆனால் அவர்கள் மூட்டிய நெருப்பு அணையவில்லை. அக்டோபர் 10இல் வூச்சாங்கில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். பத்திரிகை பார்த்துத்தான் சேதி தெரிந்தது! 1912 ஜனவரி 1இல் குடியரசின் தற்காலிகத் தலைவரானார். பிப்ரவரியில் 6 வயது அரசர் முடிதுறந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. ராணுவம் யுவான் ஷிகாய் கையில் இருந்தது. உள்நாட்டுச் சண்டை வேண்டாமென்று பதவியை அவரிடம் விட்டுக்கொடுத்தார். அந்த ஆளோ 1915இல் தன்னையே மன்னராக அறிவித்துக்கொண்டார்! சன் யாட் சென் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1925 மார்ச் 12இல் புற்றுநோயால் இறந்தபோது நாடு இன்னும் ஒன்றாகியிருக்கவில்லை.

நம்ம தோட்டங்களில், ஒரு கோரிக்கை தோற்றால் அடுத்த மாதமே சந்தா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த ஒன்பதை நினைத்துப் பார்க்கட்டும். ஜெயித்ததும் எல்லாவற்றையும் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டுக்குப் போய்விடுபவர்களும் உண்டு. அவர்கள் யுவான் ஷிகாயை நினைத்துப் பார்க்கட்டும். தோற்றாலும் ஜெயித்தாலும் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், தோழர்களே!