ஜே. ஆர். டி. டாட்டா

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா (ஜூலை 29, 1904 - நவம்பர் 29, 1993) இந்தியத் தொழிலதிபரும் விமானியும் ஆவார். ஜே. ஆர். டி. என்ற முதலெழுத்துகளாலேயே பெரிதும் அறியப்படுகிறார். இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி உரிமங்களில் முதலாம் எண் கொண்ட உரிமத்தை 1929-இல் பெற்றார். பின்னாளில் ஏர் இந்தியாவாக மாறிய டாட்டா விமான சேவையை 1932-இல் தொடங்கி, முதல் விமானத்தைத் தாமே ஓட்டினார். 1938 முதல் 1991 வரை டாட்டா குழுமத்தின் தலைவராக இருந்தார். தொழிலதிபராகவே இவரைப் பலரும் அறிவர். ஆயினும் விமானம் ஓட்டுவது இவருக்குத் தொழிலாவதற்கு முன்பே பொழுதுபோக்காக இருந்தது, தொழில் கைவிட்டுப் போன பின்னும் பொழுதுபோக்காக நீடித்தது. இக்கட்டுரை பெரிதும் அந்தப் பக்கத்தையே கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

ஜே. ஆர். டி. பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, குழுமத்தைத் தோற்றுவித்த ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினர். தாயார் சுசான் பிரியேர் பிரெஞ்சுப் பெண்மணி. இதனால் இவருடைய முதல் மொழி பிரெஞ்சு ஆயிற்று. சிறுவயது பிரான்சு, இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் மாறி மாறிக் கழிந்தது.

கோடை விடுமுறைகளில் குடும்பம் பிரான்சின் வடக்குக் கடற்கரையில் உள்ள ஹார்டெலோ என்னும் ஊரில் தங்குவது வழக்கம். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அங்கே வீடு இருந்தது. பிளேரியோவின் மகன் ஜே. ஆர். டி.யின் விளையாட்டுத் தோழன். பிளேரியோவின் விமானி அடோல்ஃப் பெகு அந்தக் கடற்கரை மணலில் விமானத்தை இறக்குவதைச் சிறுவர்கள் சுற்றி நின்று பார்த்தனர். வானில் விமானத்தைத் தலைகீழாகச் சுழற்றும் சாகசத்தை 1913-இல் மக்கள் முன் செய்துகாட்டிப் புகழ் பெற்றவர் இந்தப் பெகு. விமானக் கண்காட்சி என்பது அக்காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. ஓடுதளம் கிடையாது, கட்டியான மணலோ புல்வெளியோ போதும், பார்வையாளர்கள் இறக்கையைத் தொட்டுப் பார்க்கும் தொலைவில் நிற்பார்கள்.

முதல் உலகப்போர் முடிந்த பின், ஜே. ஆர். டி.க்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, ஊர் ஊராகச் சென்று கட்டணத்துக்கு மக்களை ஏற்றிப் பறக்கும் விமானி ஒருவர் ஹார்டெலோவுக்கு வந்தார். அவருடைய விமானத்தில் சில நிமிடங்கள் பறந்ததே இவருடைய முதல் வான்பயணம். விமானியாக வேண்டும் என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது. ஆனால் அது நிறைவேறப் பத்தாண்டுகள் ஆயின.

கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க விரும்பிய இவர், பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் முதலில் அந்நாட்டுப் படையில் கட்டாயச் சேவை செய்ய நேர்ந்தது. அது முடிந்ததும் 1925-இல் தந்தை இந்தியாவுக்கு அழைத்து, சம்பளமில்லாத பயிற்சியாளராக டாட்டா நிறுவனத்தில் சேர்த்தார். மறு ஆண்டு தந்தை இறந்தார். கல்லூரிக் கல்வி கைகூடாமலேயே போயிற்று. 1929-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார்.

விமானி உரிமம்

1925-இல் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் மாத் என்ற சிறிய இரட்டை இறக்கை விமானத்தை வெளியிட்டது. தனியாரும் வாங்கி ஓட்டக்கூடிய விலையிலும் எளிமையிலும் அமைந்த இவ்விமானத்தால் பறக்கும் மன்றங்கள் பெருகின. இந்தியாவிலும் 1920களின் இறுதியில் தில்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா போன்ற நகரங்களில் மன்றங்கள் தோன்றின. பம்பாய் மன்றம் திறந்ததும் சேர்ந்தவர்களுள் ஜே. ஆர். டி. ஒருவர். மூன்றே முக்கால் மணி நேரப் பயிற்சிக்குப் பின் தனியாகப் பறந்தார். 1929 பிப்ரவரி 10 அன்று இவருக்கு உரிமம் வழங்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்டிருந்த எண் 1.

ஆகா கான் போட்டி

1929-இன் இறுதியில் ஆகா கான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எத்திசையிலாயினும், குறித்த காலத்துக்குள் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு வழங்கப்படும். மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், ஜே. ஆர். டி. ஆகிய மூவர் முயன்றனர். மன்மோகன் சிங் வழியில் தடைப்பட்டதால் காலவரம்பைத் தவறவிட்டார். எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். ஜே. ஆர். டி. 1930 மே 3 அன்று கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

எகிப்தில் அலெக்சாண்டிரியாவை அடுத்த அபூக்கிர் விமானத்தளத்தில் இறங்கிய ஜே. ஆர். டி., எஞ்சினியர் அங்கே முடங்கிக் கிடப்பதைக் கண்டார். அவரது விமானத்தின் ஸ்பார்க் பிளக் பழுதாகியிருந்தது, மாற்று இல்லை. எஞ்சினியருக்கு அப்போது வயது பதினேழு. அவரை அப்படியே விட்டுச் சென்றிருந்தால் ஜே. ஆர். டி. வென்றிருக்கக்கூடும். இவரோ தம்மிடமிருந்த உதிரி பிளக்குகளைக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். நன்றியாக எஞ்சினியர் தம் உயிர்காப்புச் சட்டையை இவரிடம் கொடுத்தார். மே 11 அன்று கராச்சியை அடைந்த எஞ்சினியர் பரிசை வென்றார், ஜே. ஆர். டி. சிறிய இடைவெளியில் தோற்றார். இந்த எஞ்சினியரே பின்னர், 1960 முதல் 1964 வரை, இந்திய வான்படையின் தளபதியாக விளங்கினார்.

1932: முதல் அஞ்சல் விமானம்

டாட்டா விமான சேவையின் எண்ணம் முதலில் நெவில் வின்சென்ட் என்பவருடையது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய இவர், 1920களின் இறுதியில் நண்பர் ஒருவருடன் இந்தியாவுக்கு வந்து, பழைய போர் விமானங்களில் ஊர் ஊராக மக்களை ஏற்றிப் பறந்து காட்டிப் பணம் ஈட்டியவர். ஹார்டெலோ சிறுவனுக்கு ஆசையை ஊட்டியதும் இதே தொழில் செய்த ஒருவர்தான் என்பது நினைக்கத்தக்கது. லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் 1929 முதல் அஞ்சல் கொண்டுவந்தது. கராச்சியிலிருந்து தெற்கே அது இரயிலில்தான் சென்றது. அந்த இடைவெளியை விமானத்தால் நிரப்பலாம் என்று வின்சென்ட் கூறினார். குழுமத் தலைவர் தோராப்ஜி டாட்டா தயங்கினார், ஜே. ஆர். டி.யின் வழிகாட்டியாக இருந்த ஜான் பீட்டர்சன் அவரை இணங்க வைத்தார். முதலீடு இரண்டு இலட்சம் ரூபாய். அரசின் மானியம் இல்லை. ஒப்பந்தம் 1932 ஏப்ரலில் கையெழுத்தாயிற்று.

நிறுவனத்தின் உடைமை என்று சொல்ல இரண்டு பஸ் மாத் விமானங்களும், பம்பாய் ஜூஹுவில் பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகையும் இருந்தன. ஜூஹு தளம் கடலோரச் சேற்றுநிலம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கும் என்பதால் அம்மாதங்களில் சேவை பூனாவுக்கு மாற்றப்பட்டது. பஸ் மாத் என்பது மூடிய அறையும் 120 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எஞ்சினும் உள்ள ஒற்றை இறக்கை விமானம். பயணி எவராவது வந்தால் அஞ்சல் பைகளுக்கிடையே இடம் கண்டு உட்கார வேண்டியதுதான்.

1932 அக்டோபர் 15 அன்று காலை கராச்சி டிரிக் ரோடு தளத்திலிருந்து ஜே. ஆர். டி. அஞ்சல் பைகளுடன் புறப்பட்டார். வானொலித் தொடர்போ வழிகாட்டும் கருவிகளோ இல்லை. அகமதாபாத்தில் இறங்கியபோது, விமானத்துக்கான பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகல் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து அஞ்சலை ஏற்றிக்கொண்டு வின்சென்ட் புறப்பட்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். சேவை வாரம் ஒருமுறை நடைபெற்றது. முதல் ஆண்டில் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட அஞ்சலையும் ஏற்றிச் சென்று, 60,000 ரூபாய் இலாபம் ஈட்டியது. 1938-இல் சேவை திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

வின்சென்ட் 1942-இல், போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில், பயணம் செய்த இராணுவ விமானத்துடன் காணாமற்போனார். நிறுவனத்தின் தோற்றத்தில் தமக்கிணையான பங்கு அவருடையது என்று ஜே. ஆர். டி. இறுதிவரை கூறிவந்தார்.

ஏர் இந்தியா

1938-இல், 34-ஆம் வயதில், ஜே. ஆர். டி. டாட்டா சன்ஸ் தலைவரானார். எஃகு, மின்சாரம், வேதிப்பொருள், மோட்டார் வாகனம் என விரிந்த குழுமத்தை நடத்தியதும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் (1945) உருவாகத் துணைநின்றதும் தனிக்கட்டுரைக்கு உரியவை.

விமான நிறுவனம் 1946-இல் ஏர் இந்தியா என்ற பெயரில் பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. 1948 ஜூன் 8 அன்று மலபார் பிரின்சஸ் என்ற பெயருடைய கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது, ஜே. ஆர். டி. அதில் பயணியாகச் சென்றார். 1953-இல் அரசு விமான நிறுவனங்களைத் தேசியமயமாக்கியது. அதை இவர் எதிர்த்தார். தம்மைக் கலந்து பேசாமல் முடிவெடுத்ததாக மனம் வருந்தினார். ஆயினும் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் தலைமையை ஏற்குமாறு கேட்கப்பட்டபோது ஒப்புக்கொண்டு, ஊதியம் பெறாமல் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். பயணம் செய்யும்போதெல்லாம் திரைச்சீலை, தேநீரின் நிறம், கழிப்பறையின் தூய்மை வரை குறிப்பெடுத்து அலுவலர்களுக்கு அனுப்புவார். அழுக்கான இடத்தைக் கண்டால் தாமே துடைப்பதும் உண்டு.

பதவி நீக்கம்

1978 சனவரி 1 அன்று ஏர் இந்தியாவின் எம்பரர் அசோகா விமானம் பம்பாயை அடுத்த கடலில் வீழ்ந்து 213 பேர் இறந்தனர். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் அரசு ஜே. ஆர். டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கி, முன்னாள் வான்படைத் தளபதி பி. சி. லாலை நியமித்தது. இச்செய்தி இவருக்கு அரசிடமிருந்து வரவில்லை. புதிதாக நியமிக்கப்பட்ட லால் கூறித்தான் தெரிந்தது. தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 46 ஆண்டுகளுக்குப் பின் விலக்கப்பட்ட விதம் நாடெங்கும் வருத்தத்தை எழுப்பியது. நிர்வாக இயக்குநர் கே. ஜி. அப்புசாமி பதவி விலகினார். 1980-இல் இந்திரா காந்தி அரசு இவரை இயக்குநர் குழுவில் மீண்டும் சேர்த்தது. தலைவர் பதவி திரும்பவில்லை.

மீண்டும் கராச்சியிலிருந்து

முதல் பறப்பின் முப்பதாம் ஆண்டு நிறைவான 1962-இல் ஜே. ஆர். டி. அதே வழியில் விமானம் ஓட்டினார். 1982 அக்டோபர் 15 அன்று, ஐம்பதாம் ஆண்டில், மூன்றாம் முறையாகக் கராச்சியிலிருந்து புறப்பட்டார். இம்முறை லெபர்ட் மாத் என்ற விமானம். பஸ் மாத்தின் வழிவந்தது, 1930களில் கட்டப்பட்டது, ஒற்றை எஞ்சின் கொண்டது. தனியாகவே ஓட்டினார். வயது 78. அகமதாபாத்தில் இறங்கி ஏறி, திரளான மக்கள் காத்திருந்த ஜூஹு தளத்தில் பிற்பகல் இறங்கினார். தொடக்க காலத்துச் சாகச உணர்வு இளைஞர்களிடம் குன்றிவருவதாக இவர் கருதினார். அதை மீட்கும் முயற்சியாகவே இப்பயணத்தை விளக்கினார். அப்போது இவர் ஏர் இந்தியாவின் தலைவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத் தொடர்பு

முதல் அஞ்சல் வழியின் தென்முனை சென்னை என்பது மேலே கூறப்பட்டது. இவர் தலைவராக இருந்த காலத்தில், 1984-இல், டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் அதன் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைந்தது. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அதே ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் 1990களில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் ஓடுதளம் அமைத்துச் சிறு விமானங்களைத் தயாரித்தது. அந்நிறுவனத்துக்கும் டாட்டாவுக்கும் தொடர்பில்லை.

விருதுகளும் இறப்பும்

பத்ம விபூஷண் (1955), வான்போக்குவரத்துக்கான டோனி ஜேனஸ் விருது (1979), டேனியல் குக்கன்ஹைம் பதக்கம் (1988), பாரத ரத்னா (1992) ஆகியன இவர் பெற்ற விருதுகளுள் சில. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுப் பணிக்காக 1992-இல் ஐக்கிய நாடுகள் விருதும் கிடைத்தது. 1991-இல் குழுமத் தலைமையை ரத்தன் டாட்டாவிடம் ஒப்படைத்தார்.

1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் இறந்தார். பாரிசில் பெர் லாசேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவி தெல்மா; இவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. ஏர் இந்தியா 2022 சனவரி 27 அன்று டாட்டா குழுமத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.