ஒரு சொல்லும் பல பொருளும்: ஓட்டோ யெஸ்பர்ஸன் சரிதம்

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுவார்க்கு முதலில் உண்டாகும் மயக்கம், ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லே நேராகும் என்பதாம். நம்மொழிச் சொல்லை இடப்புறத்தும் பிறமொழிச் சொல்லை வலப்புறத்தும் எழுதிவைத்து மனனம் செய்துவிட்டால், அம்மொழி கைவந்துவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை உலகினர்க்கு எடுத்துக்காட்டிய அறிஞருள் ஒருவர், டென்மார்க்கு தேசத்து ஓட்டோ யெஸ்பர்ஸன் ஆவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. எனினும் அம்மொழியின் இலக்கணத்தை ஆங்கிலேயர் தாமும் அவர் நூல்களின் வாயிலாகக் கற்றனர். அத்தகையார் வரலாறு, பிறமொழியும் தாய்மொழியும் ஒருங்கு பயிலும் மாணவராகிய நமக்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

டேனியர் என்னும் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 1620-ஆம் ஆண்டு தரங்கம்பாடியிற் கோட்டை கட்டிய அவர்கள், 1845-ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலேயர்க்கு விற்கும்வரை அங்கே இருந்தனர். அவர்தம் தாயகத்தில், ஜட்லண்டுப் பகுதியிலுள்ள ராண்டர்ஸ் என்னும் ஊரில், 1860-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் நாள் யெஸ்பர்ஸன் பிறந்தார். அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சட்டத்துறையில் தொழில் புரிந்தவர். இளமையிலேயே தந்தையையும் பின்னர்த் தாயையும் இழந்த அவருக்கு நூல்களே உற்ற துணையாயின.

அந்நூல்களுள் ராஸ்முஸ் ராஸ்க் என்னும் டேனிய மொழிநூற்புலவர் இயற்றிய இலக்கணங்கள் தலையாயவை. பாரசீகம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் அலைந்து, அரிய சுவடிகளுடன் 1823-ஆம் ஆண்டு தாயகம் மீண்டவர் ராஸ்க். அவர் இறந்து பல்லாண்டு கழிந்தபின், அவ்விலக்கணங்கள் பள்ளிச் சிறுவன் ஒருவன் உள்ளத்தில் விளக்கேற்றின. ஆசிரியர் எவருமின்றி, அவற்றின் துணைகொண்டே யெஸ்பர்ஸன் ஐஸ்லாந்து மொழியையும் இத்தாலியத்தையும் ஸ்பானியத்தையும் ஒருவாறு கற்றுக்கொண்டார்.

எனினும் குலத்தொழிலை விடுதல் எளிதாமோ? 1877-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் சேர்ந்து சட்டமே பயின்றார். பிறர் கொண்ட கருத்துக்களை நெட்டுருச் செய்து ஒப்புவிக்கும் அப்படிப்பு அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1881-இல், அதனைத் துணிந்து கைவிட்டு மொழிநூலைப் பற்றினார். வருவாய்க்கு வழியாக டேனியப் பாராளுமன்றத்திற் சுருக்கெழுத்தாளராக அமர்ந்தார். பள்ளிகளிற் கற்பித்தும் வந்தார். 1887-இல் தேர்வில் வெற்றி பெற்றபின் இங்கிலாந்து சென்று, ஒலிநூல் வல்லாராகிய ஹென்றி ஸ்வீட் முதலியோரைக் கண்டார். ஜெர்மனி தேசத்தும் தங்கிப் பயின்றார். ஆங்கில வேற்றுமைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1891-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1893-ஆம் ஆண்டில் தாம் பயின்ற சர்வகலாசாலையிலேயே ஆங்கிலப் பேராசிரியராகி, 1925-ஆம் ஆண்டு வரை அப்பீடத்தை அணிசெய்தார். இடையே 1920-21-இல் அதன் தலைவர் பதவியும் அவரை அடைந்தது.

பள்ளியிற் கற்பித்த நாளிலேயே, அயல்மொழி கற்பிக்கும் பழைய முறையின் குறைகளை அவர் நன்கு உணர்ந்தார். தொடர்பற்ற சொற்கோவைகளும், பொருளொற்றுமையற்ற தனி வாக்கியங்களும், ஓயாத மொழிபெயர்ப்பும் மாணவரை வாட்டின. 1886-ஆம் ஆண்டில் சுவீடன், நார்வே நாட்டு அறிஞருடன் கூடி, இம்முறையைத் திருத்தக் கழகம் ஒன்று கண்டார். 1901-இல் டேனிய மொழியிலும் 1904-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவருடைய கற்பித்தல் நூல், சொற்களைத் தனித்தனியே பறித்துக் கொடாமல், உயிருள்ள தொடர்களில் வைத்தே பயிற்றல் வேண்டும் என்று வற்புறுத்தியது.

இக்கொள்கையின் உண்மையை ஓர் ஆங்கிலச் சொல்லால் விளக்கலாம். ஆங்கிலத்தில் 'நோ' என்னும் வினைக்கு 'அறி' என்று நாம் பொருள் கூறுவோம். டேனிய மாணவனோ அவ்வொரு சொல்லைக் காணுந்தோறும் மூன்று வழி கூடும் சந்தியில் நிற்பவன் ஆகின்றான். ஒரு செய்தியை அறிதலாயின் அவன் மொழியில் 'வீதெ' எனல் வேண்டும். ஒரு மனிதரை அறிதலாயின் 'கென்னெ' எனல் வேண்டும். ஒரு மொழியையோ பாடத்தையோ அறிந்து கைவரப்பெற்றிருத்தலாயின் 'குன்னெ' எனல் வேண்டும். இறுதியிற் கூறிய சொல் ஆற்றலையும் குறிக்கும். நம் வழக்கிலுள்ள 'தெரியும்' என்பதோ இம்மூன்றையும் தன்னுள் அடக்கும். விடை தெரியும், அவரைத் தெரியும், நீந்தத் தெரியும் என்கின்றோம் அல்லமோ? ஆகவே ஒரு சொல்லின் பொருள் அகராதியின் வலப்புறத்தில் முழுவதும் கிடப்பதில்லை. அது வழங்கும் இடத்தினின்று பெறப்படுகின்றது.

1905-இல் வெளிவந்த 'ஆங்கில மொழியின் வளர்ச்சியும் அமைப்பும்' என்னும் சிறு நூல், யெஸ்பர்ஸன் புகழைத் திக்கெங்கும் பரப்பியது. பிரான்சு தேசத்து வால்னே பரிசும் மறு ஆண்டில் அதற்குக் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வட நாட்டாரின் மொழி, ஆங்கிலத்துட் கலந்த வரலாற்றை அந்நூல் சுவைபட உரைக்கின்றது. அண்டை வீட்டார் ஒருவரோடொருவர் அளவளாவுதல்போல நிகழ்ந்த இக்கலப்பில், எளிய வீட்டுச் சொற்களும் மூவிடப் பெயர்களுங்கூட ஆங்கிலத்துட் புகுந்தன.

வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை' என்னும் ஆங்கிலச் சொல் அவ்வாறு வந்ததே. வட மொழியாளரிடத்து அதற்கு மேகம் என்பதே பொருள். டேனிய மொழியில் இன்றும் அவ்வெழுத்துக்களால் எழுதப்படும் சொல் மேகத்தையே உணர்த்தும். வானத்திற்கு டேனியர் வழங்கும் சொல் 'ஹிம்மெல்' என்பது. கண்ணாற் காணும் வானமும், நாம் வேண்டுதலில் நினைக்கும் பரலோகமும் அவர்க்கு அவ்வொரு சொல்லே. தமிழில் 'வான்' என்பது ஆகாயம், மேகம், மழை என்னும் மூன்றையும் குறித்தலைத் திருக்குறளின் இரண்டாம் அதிகாரப் பெயரை அறிந்தார் நன்கு உணர்வர்.

'விண்டோ' என்னும் சொல்லும் வட நாட்டிலிருந்து வந்ததே. காற்றின் கண் என்பது அதன் முதற் பொருள். நம் முன்னோர் காற்று வரும் வழி என்னும் பொருளிற் 'காலதர்' என்றும், பல கண்களையுடையது என்னும் பொருளிற் 'பலகணி' என்றும் பெயரிட்டமை ஈண்டு நினையத்தக்கது. கடல் பல கடந்த இரு நாட்டார், தம்முள் யாதொரு தொடர்புமின்றி, சுவரில் விட்ட ஒரு துளையைக் காற்றாலும் கண்ணாலும் அடையாளங் கண்டனர்.

'கிஃப்ட்' என்னும் சொல்லின் கதை இன்னும் வியப்புடையது. பழைய ஆங்கிலத்தில் அது மணமகளுக்காகக் கொடுக்கும் பரிசத்தைக் குறித்தது. நன்கொடை என்னும் இக்காலப் பொருள் வட நாட்டார் வழக்கால் வந்தது. டேனியரிடத்தோ அச்சொல் இன்று மணமானவர் என்றும், நஞ்சு என்றும் பொருள்படும். நன்கொடையை அவர் 'காவெ' என்பர். எழுத்தொற்றுமை கண்டு பொருளொற்றுமை கொள்ளும் மாணவன் நண்பனுக்கு நஞ்சை வழங்கியவன் ஆவான்!

யெஸ்பர்ஸனுடைய பெரும்பணி, ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ஆங்கில இலக்கணம். முதற்றொகுதி 1909-இலும் இறுதித் தொகுதி, அவர் மறைந்தபின், 1949-இலும் வெளிவந்தன. நூல்களைப் படிக்குந்தோறும் எடுத்துக்காட்டுக்களைத் துண்டுத்தாள்களிற் பொறித்துச் சேர்த்துவைத்து, அவற்றினின்றே விதிகளை வகுத்தார். இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் இயம்பல் என்னும் நம் நெறியும் இதுவே. ஆங்கில நெட்டுயிர்கள் ஒருங்கே இடம்பெயர்ந்த மாற்றத்திற்குப் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்னும் பொருள்படப் பெயரிட்டவரும் அவரே. வீட்டை 'ஹூஸ்' என்ற ஆங்கிலேயர் பின்னர் 'ஹவுஸ்' என்றனர். டேனியர் இன்றும் 'ஹூஸ்' என்றே வழங்குகின்றனர்.

அவர் கொள்கைகளுள் நாம் ஆராய்ந்து கொள்ளத்தக்கதும் ஒன்றுண்டு. விகுதிகளை இழந்த மொழிகள் சிதைந்தன என்று முன்னையோர் இரங்கினர். யெஸ்பர்ஸன் அதனை மறுத்து, அவ்விழப்பே வளர்ச்சி என்றும், விகுதி குறைந்த மொழியே சிறந்தது என்றும் 1894-இலேயே வாதித்தார். பழமையைத் தெய்வமாக்கிய கூற்றை வீழ்த்தியது அவர் செய்த நன்மை. ஆனால் அவ்வளவுகோலால் அளந்தால், 'வந்தேன்' என்னும் நம் சொல் வீண்சுமை தாங்கியதாகும். 'நான்' என்பது கூறியதையே விகுதி மீண்டும் கூறுகின்றது என்பர். 'நான்' என்பதை விடுத்து 'வந்தேன்' என்ற அளவில் ஒருவன் தன்னை உணர்த்திவிடுதலை அவர் கூற்று எண்ணவில்லை. டேனிய வினையோ எவ்விடத்தார்க்கும் ஒரே வடிவினது. பெயரை விடுத்தால் பேசுவார் யாரெனத் தோன்றாது. ஒரு மொழி ஓரிடத்திற் சேமித்ததை மற்றோரிடத்திற் செலவிடுகின்றது. இக்கால மொழிநூலாரும், விகுதியின் அளவுகொண்டு மொழிகளை உயர்ந்தன தாழ்ந்தன எனப் பகுப்பதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நேராகாது எனின், ஒரு மொழிக்கு மற்றொரு மொழி எவ்வாறு அளவுகோலாகும்?

மக்களிடையே உள்ள பிரிவினையைப் போக்கப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பது அவர் பேரவா. 1907-இற் பாரிஸ் நகரிற் கூடிய குழுவில் ஓர் உறுப்பினராக இருந்து உழைத்தார். 1928-இல் 'நோவியல்' என்னும் மொழியைத் தாமே ஆக்கினார். அம்மொழி பரவவில்லை. 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. அயலாட்சியின் நிழலிலேயே, 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள், ரோஸ்கில்டே என்னும் ஊரில் அப்பெரியார் காலமானார். அவருடைய சுயசரிதம் 1938-ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது.

அவர் ஆக்கிய பொதுமொழியைப் பேசுவார் அரியர். ஆயின் பிறர் மொழியை அவர் கற்ற முறையோ நிலைபெற்றது. அயலான் ஒரு சொல்லைச் சொல்லும்பொழுது, நம் பொருளை அதன்மேல் ஏற்றாது, அவன் எப்பொருளிற் கூறுகின்றான் எனப் பொறுத்திருந்து கேட்டலே அம்முறை. பாபேலிற் சிதறிய மனித குலத்தை ஒரே மொழி ஒன்றாக்காவிடினும், அவ்வாறு கேட்கும் செவி ஒருவாறு ஒன்றாக்கும். மாணவர்களே! அகராதியை மூடிவைத்தபின்னும் நாம் கற்க வேண்டியது அஃதே.