வெயிலோடு வாழக் கற்றவர்

குளிர் நாடுகளிலிருந்து வெப்ப நாடுகளுக்கு வந்து குடியேறுவோருக்கு வெயில் ஓர் இன்பம். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் கவியும் ஊர்களில் வளர்ந்தவர்கள், ஆண்டு முழுவதும் ஒளி பொழியும் கடற்கரையில் வாழ விரும்புவதில் வியப்பில்லை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், கோட்டக்குப்பத்திலும் அதனையடுத்த சிற்றூர்களிலும் அத்தகைய வெளிநாட்டினரை அன்றாடம் காணலாம்.

அதே சாலையில் இன்னும் வடக்கே சென்றால் மரக்காணம் வருகிறது. அங்கே அதே வெயிலில் உப்பளத் தொழிலாளர்கள் உப்பு வாருகிறார்கள். ஒரே சூரியன் ஒருவருக்கு இன்பமாகவும் மற்றொருவருக்குச் சுமையாகவும் இருப்பதற்குக் காரணம் எளியது. முன்னவருக்கு ஒதுங்க நிழல் உண்டு, பின்னவருக்கு இல்லை. வெப்ப நாட்டு வாழ்வின் இன்பம் வெயிலில் இல்லை, நிழலில் இருக்கிறது. இந்த உண்மையை உணர்ந்து வாழ்ந்தவர், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை என அறியப்படும் மீரா அல்பாசா.

1878 பிப்ரவரி 21-ஆம் நாள் பாரிஸில் பிறந்தவர் அவர். தந்தை துருக்கியைச் சேர்ந்தவர். தாய் எகிப்தைச் சேர்ந்தவர். மகள் பிறப்பதற்குச் சற்று முன்னர்தான் அக்குடும்பம் எகிப்திலிருந்து பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது. வெப்ப நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்குப் பெற்றோர் சென்ற பயணத்தை, மகள் பின்னாளில் எதிர்த்திசையில் மேற்கொண்டார் எனலாம். பாரிஸில் ஓவியம் பயின்று, ஓவியர்களின் நட்பு வட்டத்தில் வாழ்ந்த அவர், ஆன்மிகத் தேடலால் அல்ஜீரியாவின் தெலெம்சன் நகருக்கு இருமுறை சென்று தங்கினார்.

1914 மார்ச் 29-ஆம் நாள், கணவர் பால் ரிஷாருடன் முதன்முறையாகப் புதுச்சேரிக்கு வந்தார். கப்பலில் கொழும்பு வந்து, தனுஷ்கோடி வழியே ரயிலில் அமைந்த பயணம் அது. அன்று அரவிந்தரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. ஆனால், முதல் உலகப் போர் மூண்டதால் அடுத்த ஆண்டே அவர் பிரான்ஸ் திரும்ப நேர்ந்தது. பின்னர் ஜப்பானில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. அந்நாட்டின் தோட்டங்களும் ஒழுங்கும் அவரை வெகுவாகக் கவர்ந்தன. ஆயினும், 1920 ஏப்ரல் 24-ஆம் நாள் அவர் மீண்டும் புதுச்சேரிக்கே வந்தார். 1973-இல் மறையும் வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தார்.

வந்த ஆண்டிலேயே இக்கடற்கரை தன் மற்றொரு முகத்தை அவருக்குக் காட்டியது. 1920 நவம்பரில் அடித்த புயல் மழையில் அவர் தங்கியிருந்த வீடு பாதுகாப்பற்றதாகிவிட, அரவிந்தர் வாழ்ந்த வீட்டுக்கு அவர் இடம்பெயர வேண்டியதாயிற்று. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கும் நடுவே வாழ்வதுதான் இக்கரையின் வாழ்க்கை என்பதை அப்போதே அவர் அறிந்திருப்பார். குளிர்காலத்தில் வந்து கோடை தொடங்கும்முன் விமானம் ஏறும் இன்றைய விருந்தினர்கள் அறியாத பாடம் இது.

1926 நவம்பரில் அரவிந்தர் தனிமை மேற்கொண்டபோது ஆசிரமத்தை நடத்தும் பொறுப்பு அன்னையிடம் வந்தது. பெருகிவந்த ஆசிரமவாசிகள் தங்குவதற்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. அதற்கெனக் கட்டப்பட்டதுதான் கோல்கொண்டா. ஹைதராபாத் நிஜாம் அரசின் நன்கொடை சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்ததால் அப்பெயர் வந்தது. செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் அதனை வடிவமைத்தார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா இங்கே தங்கிப் பணிகளைக் கவனித்தார்.

அக்கட்டடத்தின் சிறப்பு அதன் சுவர்களில் இருக்கிறது. வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட முகப்புகளில் கண்ணாடிச் சன்னல்களே இல்லை. திறந்து மூடத்தக்க கான்கிரீட் பலகைகள் வரிசையாக அமைந்து, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. அறைக் கதவுகளும் காற்றை மறிக்காதவாறு அமைந்தவை. கூரையும் இரட்டை அடுக்கு. இடையே காற்று உலவுவதால் சூடு கீழிறங்குவதில்லை. குளிர்சாதனக் கருவி ஏதுமின்றியே வாழத்தக்க கட்டடம் அது. பாரிஸில் பிறந்த ஒருவர், தாம் பிறந்த ஊரின் வீட்டை இங்கே கொண்டுவந்து நட முயலவில்லை. இந்த மண்ணின் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ற வீட்டையே வேண்டினார்.

அவருடைய எளிய இன்பங்களும் இந்த மண்ணைச் சார்ந்தே இருந்தன. சிறுமியாகத் தொடங்கிய டென்னிஸ் ஆட்டத்தை, எழுபது வயதைக் கடந்த பின்னரும் கடற்கரையையொட்டிய மைதானத்தில் அவர் தொடர்ந்தார். இங்கு பூக்கும் மலர்களை நுணுகி நோக்கி, ஏறத்தாழ 900 மலர்களுக்கு அவற்றின் இயல்பை உணர்த்தும் பெயர்களைச் சூட்டினார். ஆசிரம முற்றத்தில் 1930-இல் நடப்பட்ட பெருங்கொன்றை மரம், பின்னாளில் அரவிந்தரின் சமாதிக்கும், இறுதியில் அவருடைய சமாதிக்குமே நிழல் தந்தது.

1968 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பட்டது. அப்போது அன்னைக்கு வயது தொண்ணூறு. விழாவுக்கு அவர் நேரில் செல்லவில்லை. தம் அறையிலிருந்து படித்த சாசனம் விழாத் திடலில் ஒலிபரப்பப்பட்டது. 124 நாடுகளின் மண் அங்கே ஒரு கலசத்தில் சேர்க்கப்பட்டது. கோட்டக்குப்பத்துக்கு வடமேற்கே அமைந்த அந்த மேட்டுநிலம் அன்று மண்ணரிப்பால் பாழ்பட்டு, பனைகள் ஆங்காங்கே நின்ற செம்மண் வெளி. உலகெங்குமிருந்து வந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி மரம் நடுவதுதான். அம்மரங்கள் இன்று பெருங்காடாக நிற்கின்றன.

அந்த நிழல் வெளிநாட்டினர் மட்டும் உண்டாக்கியதன்று. நிலம் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களிடமிருந்து வாங்கப்பட்டது. குழி தோண்டியதிலும் நீர் சுமந்ததிலும் கன்றுகளைக் காத்ததிலும் அவர்களுடைய கரங்கள் உண்டு. ஆயினும், அந்த நிழலில் வாழ்வோருக்கும் அதற்காக உழைத்தோருக்கும் இடையே வாழ்க்கை வசதியில் உள்ள தொலைவு இன்னும் குறைந்தபாடில்லை. ஒரு நாட்டின் இனிய தட்பவெப்பத்தை நாடி வருவோர், அந்நாட்டு மக்களுக்கும் கடன்பட்டவர்கள் என்பதை மறத்தலாகாது.

நாம் கற்க வேண்டியதும் உண்டு. திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் கொண்ட வீடுகளில் வாழ்ந்த நாம், இன்று அதே கடற்கரைச் சாலையில் கண்ணாடி முகப்புக் கட்டடங்களை எழுப்பி, அவற்றைக் குளிர்விக்க மின்சாரத்தைச் செலவிடுகிறோம். பாரிஸிலிருந்து வந்தவர் கண்ணாடியை விலக்கினார். இந்த மண்ணில் பிறந்த நாம் அதனை விரும்பி ஏற்கிறோம்.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நிழல் இனி அழகுக்கும் ஓய்வுக்கும் உரிய பொருள் மட்டுமன்று. உயிர் காக்கும் பொருள். அது மதில்களுக்குள் வாழ்வோருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. கோட்டக்குப்பத்தின் தெருக்களிலும் மரக்காணத்தின் உப்பளக் கரைகளிலும் மரமும் கொட்டகையும் குடிநீரும் அமைய வேண்டும். வெயிலைத் தேடி வந்தவருக்குக் கிட்டிய இன்பம், வெயிலிலேயே பிறந்து உழைப்பவருக்கும் கிட்டுவதுதான் நீதி.